நேட்டுக்குப் பின்னால் ஆஸ்டெரிஸ்க் 22: எல்லாம் இருக்கிறது, எதுவும் தானாக நடக்காது

பொது ஐபி முகவரி நேரடியாக உள்ள சர்வரில், தொலைபேசி இணைப்பகமாக இயங்கும் மென்பொருளான ஆஸ்டெரிஸ்க்கை ஓட வைப்பது பெரிய வேலையில்லை. அதே சர்வரை ஒரு ரவுட்டருக்குப் பின்னால், 192.168 என்று தொடங்கும் தனி முகவரியில் உட்கார வைத்துப் பாருங்கள். உள் முகவரிகளை ரவுட்டர் பொது முகவரியாக மாற்றி அனுப்பும் இந்த ஏற்பாடுதான் நேட். மணி அடிக்கும், எடுத்தால் சத்தம் இருக்காது. அல்லது ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும், திருப்பிக் கேட்காது. அல்லது பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே 32வது விநாடியில் துண்டித்துக்கொள்ளும். இந்த மதிப்புரை அந்தச் சூழலுக்கு மட்டுமே. ஆஸ்டெரிஸ்க் 22, சிப் என்ற அழைப்பு நெறிமுறையைக் கையாளும் அதன் பிஜேசிப் சேனல், ஒரு ரவுட்டர், ஒரு சிப் டிரங்க் (வெளி அழைப்புகளுக்காகச் சேவை நிறுவனத்தோடு உள்ள இணைப்பு), உள்ளே சில போன்கள், வெளியிலிருந்து பதிவாகும் சில போன்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நேட்டைச் சமாளிக்கத் தேவையான எல்லாமே ஆஸ்டெரிஸ்க்கில் இருக்கிறது, சரியாகவும் வேலை செய்கிறது. ஆனால் அதில் பாதி, நிறுவியவுடன் அணைந்த நிலையில்தான் இருக்கும். தப்பாக அமைத்தால் எச்சரிக்கை ஒரு வரிகூட வராது. சிப் செய்தியைத் திறந்து படிக்கத் தெரிந்தவருக்கு இது நல்ல சர்வர். தெரியாதவருக்கு மாதக்கணக்கில் தலைவலி.

பதிப்பு பற்றி ஒரு வார்த்தை. பிஜேசிப்புக்கு முன் இருந்த பழைய சிப் சேனலான சேன்சிப் 17வது பதிப்பிலேயே கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டு, 21இல் அடியோடு நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே எக்ஸ்டர்ன் ஐபி, கொமீடியா என்றெல்லாம் எழுதிய பழைய வழிகாட்டிகளை 22இல் பின்பற்ற முடியாது. பெயர்கள் மாறிவிட்டன, அவை எழுதப்படும் இடமும் மாறிவிட்டது. 2024இல் வந்த 22 நீண்டகால ஆதரவுப் பதிப்பு. புதிதாக நிறுவுபவர் இதிலேயே தொடங்கலாம்.

சிக்கலின் வேர் ஒன்றுதான். சிப் தன் முகவரியைச் செய்திக்கு உள்ளேயே எழுதி அனுப்புகிறது. வயா, கான்டாக்ட் என்ற தலைப்புவரிகளில் ஒருமுறை, குரல் எங்கே வர வேண்டும் என்று சொல்லும் எஸ்டிபி பகுதியில் 'சி' என்ற எழுத்தில் தொடங்கும் வரியில் இன்னொரு முறை. ரவுட்டர் பாக்கெட்டின் மேலுறையில் உள்ள முகவரியை மட்டும் மாற்றும், உள்ளே எழுதியதைத் தொடாது. எதிர்முனை உள்ளே உள்ள 192.168.10.5ஐ நம்பிக் குரல் பாக்கெட்டுகளை அங்கே அனுப்பினால், அவை எங்கும் போய்ச் சேராது.

டிரான்ஸ்போர்ட் பகுதி

இதற்கான மருந்து பிஜேசிப் கோப்பின் டிரான்ஸ்போர்ட் பகுதியில் இருக்கிறது. எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸ், எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸ் இரண்டிலும் பொது முகவரியை எழுத வேண்டும். லோக்கல் நெட் வரியில் உள் நெட்வொர்க்கை, உதாரணமாக 192.168.10.0/24 என்று, தர வேண்டும். ரவுட்டரில் வெளிப்புற சிப் போர்ட்டும் சர்வரின் போர்ட்டும் வேறுவேறு என்றால் எக்ஸ்டர்னல் சிக்னலிங் போர்ட்டையும் சேர்க்க வேண்டும். பாக்கெட் போகுமிடம் லோக்கல் நெட்டுக்குள் இருந்தால் உள் முகவரி, இல்லாவிட்டால் பொது முகவரி. ஆஸ்டெரிஸ்க் செய்யும் கணக்கு அவ்வளவுதான்.

இதிலிருந்தே இரண்டு கோளாறுகளை ஊகித்துவிடலாம். லோக்கல் நெட் வரியே எழுதாவிட்டால் எல்லோரும் வெளியாட்கள்தான். பக்கத்து மேசை போனுக்கும் பொது முகவரியே போகும், ரவுட்டர் ஒத்துழைக்காவிட்டால் உள்ளுக்குள்ளேயே ஊமை அழைப்புகள்தான். அடுத்தது அடிக்கடி நடப்பது: கிளை அலுவலகம் விபிஎன் வழியாக 10.8.0.0/24 என்ற நெட்வொர்க்கிலிருந்து வருகிறது, அதை லோக்கல் நெட்டில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். கிளையின் போன் விபிஎன் வழியாகப் பதிவாகும், மணியும் அடிக்கும். ஆனால் அதற்குக் கொடுத்த குரல் முகவரி பொது முகவரி, அதனால் அந்தப் போன் பேசுவது விபிஎனைத் தாண்டி இணையத்துக்குப் போய்விடும். லோக்கல் நெட் வரியை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். சர்வர் நேரடியாகச் சென்றடையும் தனி நெட்வொர்க் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வேண்டும்.

கோப்பைத் திருத்திவிட்டு ரீலோட் கொடுத்தால் டிரான்ஸ்போர்ட் மாற்றம் ஏறாது. ஆஸ்டெரிஸ்க்கை முழுதாக ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அலோ ரீலோட் என்றொரு அமைப்பு உண்டு, இயல்பில் அது அணைந்திருக்கும், அப்படியே இருக்கட்டும். 'எல்லாம் சரியாகத்தான் எழுதினேன், ஒன்றும் மாறவில்லை' என்ற புலம்பலில் கணிசமான பங்கு இந்த ரீஸ்டார்ட்டில் அடங்கிவிடும்.

எண்ட்பாயின்ட் பகுதி

எண்ட்பாயின்ட் என்பது ஒவ்வொரு போனுக்கும் டிரங்குக்கும் எழுதும் அமைப்பு. வெளியிலிருந்து வரும் போன் இன்னொரு நேட்டுக்குப் பின்னால் இருக்கும், அது அனுப்பும் முகவரிகளும் பொய்தான். ஃபோர்ஸ் ஆர்போர்ட் இயல்பிலேயே ஆன். பதிலை, வயா வரியில் எழுதிய இடத்துக்கு அல்ல, பாக்கெட் உண்மையில் வந்த முகவரிக்கும் போர்ட்டுக்கும் அனுப்பும். ஆனால் ரீரைட் கான்டாக்ட்டும் ஆர்டிபி சிமெட்ரிக்கும் (ஆர்டிபி என்பது குரலைச் சுமக்கும் நெறிமுறை) இயல்பில் ஆஃப், டைரக்ட் மீடியா இயல்பில் ஆன். நேட்டுக்குப் பின்னால் உள்ள போனுக்கு இந்த மூன்றையும் தலைகீழாக்க வேண்டும். ரீரைட் கான்டாக்ட் இல்லாவிட்டால் அந்தப் போன் வெளியே அழைக்கும், அதற்கு அழைப்பு வராது. ஆர்டிபி சிமெட்ரிக் இல்லாவிட்டால் சர்வரின் குரல் போனின் தனி முகவரிக்குப் போய் மறையும். டைரக்ட் மீடியா ஆனில் இருந்தால் முதல் ஓரிரு விநாடி குரல் கேட்டுவிட்டு அடங்கிவிடும், ஏனென்றால் ஆஸ்டெரிஸ்க் இரு முனைகளையும் நேரடியாகக் கோத்துவிட்டு விலகிக்கொள்ளும்.

டிரங்குக்கு ரீரைட் கான்டாக்ட் போட வேண்டாம். சேவை நிறுவனத்தின் சர்வர்கள் பொது முகவரியில் இருப்பவை, அவை தரும் கான்டாக்ட் பெரும்பாலும் சரியானது. சிக்னலிங் ஒரு முகவரியிலிருந்தும் உரையாடலின் மற்ற செய்திகள் வேறொரு முகவரிக்கும் போக வேண்டிய அமைப்புகளில், இதை ஆன் செய்தால் அழைப்பை முடிக்கும் பை செய்தி தப்பான வாசலைத் தட்டும்.

திறக்க வேண்டிய போர்ட்டுகள்

'5060ஐயும் 10000 முதல் 20000 வரையும் திற' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஆலோசனைதான் எங்கும். 5060 சிப்புக்கு, மற்ற வரம்பு குரலுக்கு. டிரங்க் பதிவு முறையில் இயங்கி, வெளிப் போன்களும் இல்லாவிட்டால் 5060ஐ ஃபார்வர்ட் செய்ய, அதாவது வெளியிலிருந்து வருவதை ரவுட்டர் சர்வருக்குத் திருப்பிவிட, தேவையே இல்லை. சர்வரே வெளியே போய்ப் பதிவு செய்கிறது, ரவுட்டர் அந்தப் பாதையைத் திறந்து வைத்திருக்கும், அது மூடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஐபி முகவரியை வைத்து அடையாளம் காணும் டிரங்காக இருந்தால் ஃபார்வர்ட் வேண்டும், ஆனால் அந்த நிறுவனத்தின் முகவரிகளுக்கு மட்டும். உலகத்துக்கே திறந்த 5060இல் கடவுச்சொல்லைத் துழாவும் நிரல்கள் வந்து குவியும்.

குரலுக்கான யூடிபி போர்ட் வரம்பை மட்டும் ஃபார்வர்ட் செய்துவிடுவது நல்லது. அது இல்லாமலும் பல நேரம் ஓடும். சர்வர் முதல் பாக்கெட்டை அனுப்பியதும் பாதை திறந்துகொள்ளும், எதிர்முனை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பும். ஆனால் எதிர்முனை முதலில் பேசும் இடங்களில் இது காலை வாரும். எடுப்பதற்கு முன்பே ஒலிக்க வேண்டிய ரிங்பேக், 'நீங்கள் அழைத்த எண்' அறிவிப்பு போன்றவை தொடக்கத்தில் வெட்டுப்படும் அல்லது கேட்கவே கேட்காது.

வரம்பை அவ்வளவு அகலமாக வைக்கவும் தேவையில்லை. ஒரு முனைக்குக் குரலுக்கான ஆர்டிபி ஒன்று, அதன் தரத் தகவலுக்கான ஆர்டிசிபி ஒன்று என இரண்டு போர்ட். சர்வர் வழியாகப் போகும் ஒரு அழைப்புக்கு இரு முனை, ஆக நான்கு. ஒரே நேரத்தில் 50 அழைப்பு என்றால் 200. தாராளமாக 10000 முதல் 10499 வரை வைக்கலாம். ஆர்டிபி கோப்பிலும் ரவுட்டரிலும் ஒரே வரம்பு இருக்க வேண்டும், வெளி எண்ணும் உள் எண்ணும் ஒன்றுக்கொன்று மாறாமல் இருக்க வேண்டும். கோப்பில் ஒன்று, ரவுட்டரில் வேறொன்று என்றால் கிடைப்பது மிக எரிச்சலான கோளாறு: பத்து அழைப்பில் மூன்று மட்டும் ஊமையாகும்.

ஜி.711 என்ற கோடெக்கில் (குரலை எண்ணாக்கும் முறை) 20 மில்லிவிநாடிக்கு 160 பைட் குரல், அதோடு 40 பைட் தலைப்பு, விநாடிக்கு 50 பாக்கெட். ஒரு முனைக்கு ஒரு திசையில் 80 கிலோபிட். இணைப்பின் பதிவேற்ற வேகத்தை இதை வைத்துக் கணக்கிடுங்கள். வேகம் போதாமல் குரல் உடைவதை நேட் கோளாறு என்று நினைத்து அமைப்புகளைக் குடைபவர்கள் உண்டு.

ரவுட்டர் என்ற மறைமுக எதிரி

ஆஸ்டெரிஸ்க்கைத் திட்டுவதில் பாதி உண்மையில் ரவுட்டருக்குப் போக வேண்டியது. முதல் குற்றவாளி சிப் ஏஎல்ஜி. ரவுட்டரே சிப் செய்தியைத் திறந்து, தனி முகவரிகளைப் பொது முகவரியாக மாற்றி உதவ நினைக்கும் வசதி இது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும். ஆஸ்டெரிஸ்க் ஏற்கெனவே பொது முகவரியைத்தான் எழுதி அனுப்புகிறது, ஏஎல்ஜிக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் அது ஒரு வரியை மாற்றும், இன்னொன்றை விட்டுவிடும், போர்ட்டைத் தன் இஷ்டத்துக்குத் திருத்தும், செய்தியின் நீளக் கணக்கைத் தப்பாக்கும். மைக்ரோடிக்கில் ஃபயர்வாலின் சர்வீஸ் போர்ட் பட்டியலில் சிப் வரியை முடக்க வேண்டும். லினக்ஸ் ரவுட்டரில் என்எஃப் நேட் சிப் என்ற மாட்யூலை இறக்கிவிட வேண்டும். அணைக்கும் பொத்தானே இல்லாத ரவுட்டர் என்றால் சிக்னலிங்கை 5061இல் டிஎல்எஸ் குறியாக்கத்துக்கு மாற்றுங்கள். படிக்க முடியாததை ஏஎல்ஜியால் திருத்த முடியாது. 5060ஐ விட்டு வேறு எண்ணுக்குப் போனாலே பல ரவுட்டர்கள் கண்டுகொள்ளாது.

அடுத்தது நேர வரம்பு. யூடிபி பாதையைக் குறைந்தது 2 நிமிடமாவது திறந்து வைக்க வேண்டும் என்று 2007இல் வந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 4787 சொல்கிறது. நடைமுறையில் அதற்கு வெகுமுன்பே மூடிவிடும் ரவுட்டர்கள் ஏராளம். லினக்ஸ் கெர்னலில்கூட ஒருவழிப் போக்குக்கு இயல்பு 30 விநாடிதான். பதிவு 3600 விநாடிக்கு ஒருமுறை என்று இருந்தால், பதிவான சற்று நேரத்திலேயே பாதை மூடிவிடும், அடுத்த பதிவு வரை உள்வரும் அழைப்பு நுழையாது. அடையாளம் எளிது: வெளியே அழைத்து முடித்த கையோடு உள்வரவு வேலை செய்யும், சற்றுக் கழித்துச் செய்யாது. மருந்து, பதிவான போனின் முகவரியை வைத்திருக்கும் ஏஓஆர் பகுதியின் குவாலிஃபை ஃப்ரீக்வென்ஸி. இயல்பில் அது 0, அதாவது ஆஃப். 25 அல்லது 30 வைத்தால் ஆப்ஷன்ஸ் செய்தி போய்ப்போய்ப் பாதை திறந்தே இருக்கும். நீண்ட நேரம் ஹோல்டில் போடும் இடங்களில் எண்ட்பாயின்ட்டின் ஆர்டிபி கீப்அலைவையும் 15 விநாடி அளவில் வைக்கலாம்.

பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அது வெளியே போகும் பாக்கெட்டின் மூல போர்ட்டை இயல்பாகவே கலைத்துப் போடும். எஸ்டிபியில் 10022 என்று எழுதி, பாக்கெட் 48731இலிருந்து போனால், கறாரான சேவை நிறுவனம் அதை ஏற்காது. அவுட்பவுண்ட் நேட்டைக் கலப்பு முறைக்கு மாற்றி, ஆஸ்டெரிஸ்க் சர்வருக்கு மட்டும் ஸ்டாடிக் போர்ட் விதி எழுதினால் தீர்ந்தது.

இன்னொன்று எளிதில் கண்ணில் படாது. சில ரவுட்டர்களில் போர்ட் ஃபார்வர்ட் விதியோடு மாஸ்கரேடும் சேர்ந்துகொள்ளும், வெளியிலிருந்து வரும் பாக்கெட்டெல்லாம் ரவுட்டரின் உள் முகவரியிலிருந்து வந்ததுபோலத் தெரியும். விளைவு மூன்று. வந்தவர் லோக்கல் நெட்டுக்குள் இருப்பதாக நம்பி ஆஸ்டெரிஸ்க் தனி முகவரியைக் கொடுக்கும். ஐபியை வைத்து டிரங்கை அடையாளம் காண்பது தோற்கும். ஃபெயில்டுபேன் என்ற காவல் நிரல் தாக்குபவரைத் தடுப்பதாக நினைத்து ரவுட்டரையே தடுத்து, மொத்த அலுவலகத்தையும் வெளியே தள்ளும். பிஜேசிப் ஷோ கான்டாக்ட்ஸ் கட்டளையில் வெளிப் போன்கள் எல்லாம் 192.168.10.1 என்று தெரிந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

துண்டிக்கும் நேரமே துப்பு

உள்வரும் அழைப்பு சரியாக 32 விநாடியில் அறுந்தால் அது தற்செயல் அல்ல. சிப்பின் அடிப்படை நேரமான அரை விநாடியின் 64 மடங்கு அது. அழைப்பை ஏற்றதற்கு அடையாளமாக ஆஸ்டெரிஸ்க் 200 ஓகே அனுப்புகிறது, அதன் கான்டாக்ட்டில் தனி முகவரி இருக்கிறது, எதிர்முனை தரும் ஒப்புகையான ஆக் அங்கே போய்த் தொலைகிறது. ஆக் வராததால் 200 ஓகேயைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு, 32வது விநாடியில் கைவிடுகிறது. குரல் அதுவரை நன்றாகவே போகும், எஸ்டிபி முகவரி சரி என்பதால். ஆகவே எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸ் எழுதி, எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸை விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

15வது நிமிடத்தில் அறுந்தால் விஷயம் வேறு. அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் செஷன் டைமரின் இயல்பு 1800 விநாடி, புதுப்பிப்பு அதன் பாதியில், 900இல் நடக்கும். எதிர்முனை புதுப்பிக்க அனுப்பும் செய்தி வந்துசேர, சிக்னலிங் பாதை அதுவரை திறந்திருக்க வேண்டும். மீண்டும் குவாலிஃபை ஃப்ரீக்வென்ஸிதான்.

குறிப்பிட்ட சில போன்களின் அழைப்பு மட்டும் சர்வருக்கே வந்துசேரவில்லையா? அழைப்பைத் தொடங்கும் இன்வைட் செய்தியின் நீளத்தைப் பாருங்கள். பத்துக் கோடெக், குறியாக்கச் சாவிகள், ஐஸ் என்ற பாதை தேடும் முறையின் வரிகள் எல்லாம் சேர்ந்து 1500 பைட்டைத் தாண்டினால் யூடிபி பாக்கெட் துண்டாகும், துண்டுகளைப் பல ரவுட்டர்கள் கீழே போட்டுவிடும். பதிவு செய்யும் சின்னதான ரெஜிஸ்டர் போய்ச் சேரும், பெரிய இன்வைட் சேராது. கோடெக்கை இரண்டாகக் குறையுங்கள், அல்லது டிசிபிக்கு மாறுங்கள்.

இணையம் அரை மணி நேரம் போய்த் திரும்பிய பின் டிரங்க் உயிர்பெறவில்லை என்றால், அது பதிவுப் பகுதியின் மேக்ஸ் ரீட்ரைஸ். இயல்பு 10, இடைவெளி 60 விநாடி. பத்து முறை முயன்று தோற்றால் ஆஸ்டெரிஸ்க் கையைக் கழுவிவிடும். 10000 என்று வையுங்கள். இந்த இயல்பு எண்ணைத் தேர்ந்தெடுத்தவருக்கு இணைய இணைப்பு அறுந்ததே இல்லை போலும்.

கண்டுபிடிக்கும் கருவிகள் நன்றாகவே இருக்கின்றன. பிஜேசிப் செட் லாகர் ஆன் சிப் செய்தியை முழுதாகக் காட்டும். ஆர்டிபி செட் டீபக் ஆன் ஒவ்வொரு குரல் பாக்கெட்டும் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று எழுதும். போனது மட்டும் தெரிந்து வந்தது தெரியாவிட்டால் ரவுட்டரைப் பாருங்கள். இரண்டுமே தெரிந்தும் குரல் இல்லை என்றால் போன இடத்தின் முகவரியைப் படியுங்கள். செய்திகளை வரிசைப்படமாகப் பார்க்க எஸ்என்கிரெப் போதும். சர்வரில் சரியாக இருக்கும் செய்தி எதிர்முனையில் மாறியிருந்தால் நடுவில் ஏஎல்ஜி உட்கார்ந்திருக்கிறது.

என் குறையும் இங்கேதான். சர்வரின் ஒரே முகவரி 192.168இல் இருக்கிறது, எக்ஸ்டர்னல் அட்ரஸ் காலி, எதிர்முனை பொது முகவரியில். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்து லாகில் ஒரு எச்சரிக்கை எழுதுவது ஆஸ்டெரிஸ்க்குக்குக் கடினமான காரியமில்லை. எழுதுவதில்லை. ஆஸ்டெரிஸ்க்கை உலாவி வழியாக அமைக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸ் இந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது, சிப் அமைப்புப் பக்கத்தில் பொது முகவரியையும் உள் நெட்வொர்க்கையும் ஒரே பொத்தானில் கண்டறிந்து நிரப்பும். விபிஎன் நெட்வொர்க்கை அப்போதும் நாம்தான் சேர்க்க வேண்டும்.

மாற்று என்று பார்த்தால் இதே வகை மென்பொருளான ஃப்ரீஸ்விட்ச் இந்த விஷயத்தில் சற்று மென்மையானது. அதன் இயல்பு அமைப்பே ஸ்டன் என்ற வெளிச் சர்வரைக் கேட்டுப் பொது முகவரியைத் தெரிந்துகொள்ளும். ஆனால் அதன் எக்ஸ்எம்எல் கோப்புகளில் புழங்க ஆஸ்டெரிஸ்க்கைவிடப் பொறுமை வேண்டும். நூற்றுக்கணக்கில் வெளிப் போன்கள் இருந்தால் முன்னால் சிப் செய்திகளுக்குக் கமைலியோவும் குரலுக்கு ஆர்டிபிஎஞ்சினும் வைப்பதே முறை. பத்துப் பதினைந்து போனுக்கு அது வேண்டாத பளு. டாக்கர் கன்டெய்னரில் ஓட்டுவதானால் ஹோஸ்ட் நெட்வொர்க்கிலேயே ஓட்டுங்கள். இல்லாவிட்டால் நேட்டுக்குள் இன்னொரு நேட், அதிலும் ஆயிரக்கணக்கான போர்ட்டுகளை ஒவ்வொன்றாக மேப் செய்யும்போது கன்டெய்னர் எழுந்திருக்கவே திணறும்.

வாங்கும் இணைப்பு எப்படிப்பட்டது என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் அது சேவை நிறுவனத்தின் நேட், உங்கள் போர்ட் ஃபார்வர்ட் எதுவும் பலிக்காது. பதிவு முறை டிரங்க் மட்டும் போதும் என்றால் அப்போதும் பெரும்பாலும் ஓட்டிவிடலாம். வெளிப் போன்கள் வேண்டுமென்றால் பொது ஐபி உள்ள சிறிய விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஒன்றை எடுத்து, வயர்கார்டு விபிஎன் சுரங்கம் போட்டு, கீப்அலைவை 25 விநாடி வைத்து, சிப்பையும் குரல் வரம்பையும் அங்கிருந்து உள்ளே திருப்ப வேண்டும். எக்ஸ்டர்னல் அட்ரஸ் இரண்டிலும் விபிஎஸ்ஸின் முகவரியை எழுதுங்கள். விபிஎஸ்ஸில் மாஸ்கரேட் போடாதீர்கள், போட்டால் மேலே சொன்ன மூன்று விளைவுகளும் திரும்ப வரும். அதற்குப் பதில், சர்வரிலிருந்து திரும்பும் பாக்கெட்டுகள் சுரங்கம் வழியாகவே போகும்படி தனி ரவுட்டிங் அட்டவணை எழுத வேண்டும்.